இரண்டு முறை வாசிக்கப்படும்

இன்றைக்கு நிமிர்ந்து பார்க்கக் கூடாது. கேள்வித்தாள் உறையைக் கிழிக்கும்போதும் மரகதவல்லி அதையேதான் தனக்குச் சொல்லிக்கொண்டாள். பஸ்ஸில் சொல்லிக்கொண்டதும் அதுதான், குளிக்கும்போது சொல்லிக்கொண்டதும் அதுதான். நிமிர்ந்து பார்க்கக் கூடாது, கண் தாளிலேயே இருக்கட்டும், முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை ஒரே சீராகப் படித்து முடித்துவிட வேண்டும், ஐந்து நிமிஷச் சமாச்சாரம், இதற்குப் போய் இத்தனை யோசனையா. எதிரே பதினொரு பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஜெர்மன் டிப்ளமோ, நான்காம் தாள், கேட்டல். கேள்வித்தாளின் தலைப்பில் எல்லா வருஷமும் இருக்கிற வரி இந்த வருஷமும் இருந்தது: பத்தி இரண்டு முறை வாசிக்கப்படும், இடையில் மூன்று நிமிடம். ஏப்ரல் வெயில் பத்தரை மணிக்கே ஜன்னல் கம்பியைச் சுட வைத்திருந்தது. ஃபேன் சுற்றும்போது ஒரு டக், ஒரு டக். வாசலில் அட்டெண்டர் அய்யனன் நின்றார். வருஷா வருஷம் கேட்பதை, வருஷா வருஷம் கேட்கிற அதே குரலில் கேட்டார். "மேடம், சி.டி. மெஷின எடுத்துட்டு வரவா?" "அதுதான் ரிப்பேரா இருக்கே அய்யனன்." "சரிங்க மேடம்." அந்தச் 'சரிங்க மேடம்' இருக்கிறதே, அதில் ஒன்றுமே இருக்காது, கேலி இருக்காது, சந்தேகம் இருக்காது, துடைத்து வைத்த தட்டாக இருக்கும். அதுதான் அவளுக்குப் பயம். தெரிந்தவர்தான் அப்படிச் சொல்ல முடியும். பதினோரு வருஷமாக மெஷின் ரிப்பேர். அவள் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு தாளைக் கையில் எடுத்தாள்.

முந்தாநாள் சாயங்காலம் ரெஜினா கூப்பிட்டபோது அவள் கிரைண்டரில் மாவு வழித்துக்கொண்டிருந்தாள். சகாய ரெஜினா, மூன்று வருஷத்துக்கு முந்தைய பேட்ச், நர்சிங் முடித்துவிட்டு வந்து சேர்ந்த பிள்ளை, கேட்டல் தாளில் ஐம்பதுக்கு நாற்பத்தெட்டு. நாற்பத்தெட்டு போட்டது இந்தக் கைதான். ஏஜென்சிக்காரன் வைத்த பரீட்சைகளை எப்படியோ தாண்டிக்குதித்து ஜெர்மனிக்குப் போய் எட்டு மாசமாகிறது. போன உடனே பனியில் நின்று எடுத்த போட்டோ ஒன்று அனுப்பினாள், அதை டிபார்ட்மென்ட் நோட்டீஸ் போர்டில் ஒட்டினார்கள், மரகதம் மேடத்தின் மாணவி என்று ஸ்கெட்ச் பேனாவில் எழுதினார்கள், அதைப் பார்த்துத்தான் இந்த வருஷம் நாலு நர்சுகள் வந்து சேர்ந்தார்கள். மாவுக் கையோடு போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு, "என்னடா ரெஜி, எப்பிடி இருக்க, சாப்ட்டியா," என்று மரகதம் கேட்டாள். "மேடம், இங்க யாரும் நிமிந்து பாக்க மாட்டேங்கிறாங்க மேடம்," என்றாள் ரெஜினா. என்ன சொல்கிறாள் இவள் என்று முதலில் புரியவில்லை. வார்டில் ஒரு பெரியவர், எண்பது வயசு, முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு ஏதோ சொல்லியிருக்கிறார். இவளுக்குப் பிடிபடவில்லை. சிரித்து, தலையாட்டி, 'யா, யா' என்று சொல்லி, தலையணையைச் சரிசெய்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டாள். அவர் சொன்னது நெஞ்சு வலிக்கிறது என்று. பத்து நிமிஷம் கழித்து இன்னொரு நர்ஸ்தான் பார்த்திருக்கிறாள். "பொழச்சுக்கிட்டாரு மேடம். ஆனா எம்பேர்ல புகார் எழுதிட்டாங்க. பன்னெண்டாம் தேதி திரும்ப ஒரு பரீட்சை வெக்கிறாங்க, கேக்குறது மட்டும். அதுல போச்சுன்னா ஊருக்குத்தான்." மரகதத்தின் கையில் மாவு காய ஆரம்பித்திருந்தது. 'யா, யா' என்று சிரித்துத் தலையாட்டச் சொல்லிக்கொடுத்தது யார். வாய்மொழித் தேர்வுக்கு முதல் நாள் எல்லா பேட்சுக்கும் அவள் சொல்கிற யோசனை அது, புரியலைன்னாலும் முழிக்காதீங்க, சிரிச்சுட்டு யா சொல்லுங்க, மார்க்குக் கொறையாது என்று. வகுப்பே சிரிக்கும். ரெஜினாவும் சிரித்திருப்பாள்.

"நீங்க படிக்கும்போது ஆன்சர் வர்ற எடத்துல நிமிந்து பாப்பீங்கல்ல மேடம், அப்ப சொல்றத அப்பிடியே எழுதிருவோம். சீனியர் அக்காங்க சொல்லித்தான் விடுவாங்க. மேடம் மூஞ்சியப் பாரு, போதும்னு." அதை ரெஜினா குற்றமாகச் சொல்லவில்லை. அதுதான் தாங்கவில்லை. ஏதோ வீட்டுப் பலகாரத்தை நினைத்துக்கொள்வது மாதிரி ஆசையாகச் சொன்னாள். நிமிர்ந்து பார்க்கிறேனா. நானா. போனை வைத்துவிட்டு, ஈரக்கையோடு பழைய கேள்வித்தாள் ஒன்றை எடுத்துக்கொண்டு போய் பீரோக் கண்ணாடி முன்னால் நின்று படித்துப் பார்த்தாள். மூன்றாவது வாக்கியத்தில் விடை. மூன்றாவது வாக்கியத்தில் கண்ணாடிக்குள்ளிருந்து ஒரு கிழவி நிமிர்ந்து அவளைப் பார்த்தாள், புருவத்தைத் தூக்கி, குரலை இழுத்து, எழுதிக்கோ கண்ணு என்கிற மாதிரி. ஐம்பத்தேழு வயசில் தன் முகம் தனக்குத் தெரியாமல் இத்தனை நாள் என்ன செய்துகொண்டிருந்திருக்கிறது என்று பார்க்கிற கொடுமை யாருக்கும் வரக்கூடாது. அதை யாரும் திட்டம் போட்டுச் செய்யவில்லை, பிள்ளைகள் பாவம் என்று தானாக வந்ததாக இருக்கும், பிள்ளைகள் பாவம், மெஷின் ரிப்பேர், வேறு வழியில்லை, வாய்விட்டுப் படித்துத்தானே ஆக வேண்டும், படிக்கிறவள் கொஞ்சம் நிறுத்திப் படித்தால் என்ன குடி முழுகிப்போய்விடும். ஆனால் மெஷின். அங்கேதான் வந்து நிற்கிறது, எங்கே சுற்றினாலும் அங்கேதான். மெஷின் ரிப்பேர் இல்லை. மெஷின் ரிப்பேரான கதை மூன்று நாள் கதை. மேலமாசி வீதிக் கடையில் கொடுத்து, மூன்றாம் நாள் அய்யனன் மஞ்சப்பையில் போட்டுக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்து, "பாடுது மேடம், ஜம்முனு பாடுது," என்றார். வெச்சிட்டுப் போங்க என்றாள். அடுத்த வகுப்பில் மெஷின் ரிப்பேர் என்றாள். சொல்லும்போது நாக்கு கொஞ்சம்கூடக் குழறவில்லை.

ஏன் என்றால், ஏன் என்பதை இதுவரை அவள் தனக்கே முழுசாகச் சொன்னதில்லை, பாதியில் வேறெதையாவது நினைத்துக்கொள்வாள், பால் கவரை, பி.எஃப். பாரத்தை, கேஸ் சிலிண்டரை. அந்த வருஷம் பாடப்புத்தகம் மாறியது. புதுப் புத்தகத்தோடு ஒரு சி.டி. வந்தது. வகுப்புக்கு முன்னால் தனியாகப் போட்டுக் கேட்டாள். ரெண்டு பேர் ரோட்டில் நின்று பேசுகிறார்கள், பின்னால் பஸ் சத்தம், ஒருத்தன் வாய்க்குள் எதையோ வைத்துக்கொண்டு பேசுவதுபோல் பேசுகிறான். நாலு வார்த்தை புரிந்தது. பதினேழு வருஷம் ஜெர்மன் சொல்லிக்கொடுத்தவளுக்கு நாலு வார்த்தை. புத்தகத்தின் கடைசியில் அச்சடித்திருந்ததைப் பார்த்த பிறகு எல்லாம் புரிந்தது, அட இவ்வளவுதானா என்று இருந்தது, அதைப் பார்க்காமல் மறுபடி கேட்டபோது மறுபடி சத்தமாகப் போய்விட்டது. வகுப்பில் போட்டபோது முன்பெஞ்சுப் பையன் ஒருத்தன், "மேடம், அவன் கடைசில என்ன சொல்றான்?" என்று கேட்டான். அது முக்கியமில்ல என்றாள். ஒரு வாரத்தில் மெஷின் தானாகவே பழுதானது, கடவுள் கண்ணைத் திறந்ததுபோல. அதற்கப்புறம் அலமாரியில், ஒரு சிவப்புத் துணி போட்டு மூடி. போனிலேயே எல்லாம் கேட்கலாம் என்று ஆன பிறகும் ஹாலுக்குள் போன் கூடாது என்று ஒரு விதி இருந்தது, அது எத்தனை நல்ல விதி.

"ரெடியா?" என்றாள். "ரெடி மேடம்." பதினொரு பேனாவின் மூடிகளும் கழன்றன. அவள் தாளைக் கொஞ்சம் உயர்த்தி முகத்துக்கு நேராகவே பிடித்துக்கொண்டாள். ஃப்ராவ் வெபர் என்கிற அம்மாள் தன் அக்காவைக் கூட்டிப்போக ரயில்வே ஸ்டேஷனுக்கு வருகிறாள். படித்தாள். ரயில் நாற்பது நிமிஷம் லேட். இதுதான் முதல் விடை, கழுத்துக்குப் பின்னால் ஒரு நரம்பு இழுத்தது, நிமிரு என்றது, நிமிரவில்லை. ஏழாம் பிளாட்பாரம் இல்லை, நாலாம் பிளாட்பாரம் என்று அறிவிக்கிறார்கள். குரல் ஏறப் பார்த்தது, இறக்கினாள், தன் குரல் தனக்கே யாரோ மாதிரி இருந்தது, சின்ன வயசில் எட்டாம் வாய்ப்பாடு ஒப்பித்த குரல். அந்த அம்மாள் காபி வாங்கக் கடைக்குப் போகிறாள். போகட்டும், போய்த் தொலையட்டும், நிமிராதே. காதை மட்டும் நீட்டி வைத்திருந்தாள். எழுதுகிற சத்தம் வரவில்லை. பரீட்சை ஹாலில் இருபத்தெட்டு வருஷம் நின்றவளுக்கு அந்தச் சத்தம் தெரியும், விடை வந்ததும் எல்லாப் பேனாவும் ஒன்றாக ஓடும். இப்போது ஃபேன் மட்டும்தான், ஒரு டக், ஒரு டக். இல்லை, இன்னொன்றும் இருந்தது, எங்கேயோ பின்னால் ஒரே ஒரு பேனா, நின்று நின்று, எலி கொறிப்பதுபோல. யாரோ பெயர் எழுத மறந்து எழுதுகிறார்கள் போலிருக்கிறது. கடைசி வரியைப் படித்து முடித்தாள். தாளை இறக்கினாள்.

முன்வரிசைகளில் எல்லோரும் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பேனா கையில், காகிதம் வெள்ளையாக. கோபமில்லை, ஒரு திகைப்பு, பஸ் நிற்காமல் போய்விட்டால் ஸ்டாப்பில் நிற்கிறவர்கள் பார்க்கிற பார்வை. மூன்று நிமிஷம். முதல் வரிசையில் நாலு நர்சுகள். ஜெயசுதாவுக்கு ஜூனில் வேலை ரெடி, அப்பா பவர்லூமில் இருந்தவர், இப்போது கண் தெரியாது. இந்தத் தாளில் போனால் ஒரு வருஷம் போச்சு, ஆர்டர் போச்சு. பாஸ் போட்டு அனுப்பினால் அங்கே ஒரு கட்டிலில் ஒரு பெரியவர் சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறார். இதைவிட்டால் அது, அதைவிட்டால் இது, நடுவில் இவள் ஒருத்தி தாளைப் பிடித்துக்கொண்டு. மரகதமும் ஒரு தடவை ஜெர்மனிக்குப் போயிருக்கிறாள். தொண்ணூற்றொன்பதில், மூன்று வாரம், ஆசிரியர் பயிற்சி. ரொட்டிக்கடையில் அந்தக் கடைக்காரி எதையோ கேட்டாள், இன்னொரு தடவை கேட்டாள், பின்னால் நிற்கிறவர்கள் பெருமூச்சு விட்டார்கள், மரகதம் சிரித்தாள், தலையாட்டினாள், விரலால் காட்டினாள். கடைக்காரி ஒரு பெரிய பெட்டி நிறையக் கட்டிக் கொடுத்துவிட்டாள். மூன்று நாள் அதையே தின்றாள், அறைக்குள் உட்கார்ந்து, அழுதுகொண்டே. வகுப்பில் இந்தக் கதையை வருஷா வருஷம் சொல்லுவாள், ஆனால் வேறு மாதிரி. கதையில் அவள் கடகடவென்று ஜெர்மன் பேசுவாள், கடைக்காரி அசந்துபோய் ஒரு கேக்கை இனாமாகக் கொடுப்பாள். சொல்லிச் சொல்லி அந்தக் கேக்கின் ருசிகூட நாக்கில் வந்துவிட்டது. "மேடம்." ஜெயசுதாதான். எழுந்து நின்றாள், ஹால் டிக்கெட்டின் முனையைச் சுருட்டிக்கொண்டே. "மேடம், உடம்பு சரியில்லையா? கொஞ்சம் எப்பவும் படிக்கிற மாதிரி படிங்க மேடம்... ப்ளீஸ்." உட்காரு என்றாள் மரகதம். அந்தப் பிள்ளை உட்கார்ந்தும் ஹால் டிக்கெட்டை விடவில்லை.

இரண்டாவது முறை. ஃப்ராவ் வெபர் மறுபடியும் ஸ்டேஷனுக்கு வந்தாள். நிமிராதே. ரெஜினாவை நினைத்துக்கொள், பன்னிரண்டாம் தேதியை நினைத்துக்கொள், இன்னும் ஒன்பது நாள், அவள் கடைசியாகக் கேட்டது என்ன, "மேடம், நீங்களே ஏதாச்சும் படிச்சு ரெக்கார்ட் பண்ணி அனுப்புங்க, ஒங்க குரல்தான் எனக்குப் புரியுது." என் குரல்தான் புரிகிறது. இந்தப் பூமியில் பத்துக் கோடிப் பேர் பேசுகிற பாஷையில் என் குரல் மட்டும்தான் அவளுக்குப் புரிகிறது. ஜெர்மன் என்று நினைத்து நான் என்னைத்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். ரயில், என்று படித்தாள். லேட், என்று படித்தாள். எத்தனை நிமிஷம் என்று வருகிற இடத்துக்கு முன்னால் ஒரு நொடி நின்றாள், அந்த ஒரு நொடி போதுமாக இருந்தது, தலை தானாக எழுந்தது, புருவம் தானாக ஏறியது, "நாற்பது நிமிஷம்" என்று ஜெர்மனில் இழுத்து, பிரித்து, ஊட்டிவிடுவதுபோலச் சொன்னாள். பத்துப் பேனாவும் ஒன்றாக இறங்கின. அந்தச் சத்தம் கேட்டதும் அவளுக்கு உடம்பெல்லாம் ஒரு நிம்மதி பரவியது, வெட்கங்கெட்ட நிம்மதி. அப்புறம் எதையும் பிடித்து வைக்கவில்லை. பிளாட்பாரத்துக்கு நிமிர்ந்தாள், காபிக்கு நிமிர்ந்தாள், ஜெயசுதாவைப் பார்த்தே சொன்னாள். பிள்ளைகளின் முகம் தெளிந்துகொண்டே வந்தது. எல்லோரும் பாஸ், ஜூனில் ஜெயசுதா விமானம் ஏறுவாள். மரகதம் கடைசி வரியைப் படித்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தாள்.

பதினைந்து நிமிஷம் கழித்து மணி அடித்தது. தாள்களைக் கொடுத்துவிட்டு ஒவ்வொருவராகப் போனார்கள், தேங்க்ஸ் மேடம், தேங்க்ஸ் மேடம், எதற்கு நன்றி என்பது இரண்டு பக்கமும் தெரிந்த நன்றி. கடைசியாக வந்தவள் பாண்டீஸ்வரி. உசிலம்பட்டியிலிருந்து பஸ் பிடித்து வருகிறவள், தினமும் லேட், தினமும் கடைசி பெஞ்சு. ஒரு நாளும் முகத்துக்கு நேரே பார்க்காது, பெஞ்சையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். கவனமில்லாத பிள்ளை, திமிர் என்றுகூட மரகதம் நினைத்ததுண்டு. அகமதிப்பெண் இருபத்தைந்துக்குப் பதினொன்றுதான் போட்டிருந்தாள், ஏனென்றால் மற்றவர்கள் வாக்கியத்தை அச்சு அசலாக எழுதும்போது இவள் மட்டும் அரையும்குறையுமாக, எழுத்துப் பிழையோடு எழுதுவாள், பக்கத்துத் தாளை எட்டிப் பார்த்து எழுதுகிறாள் போல என்று விட்டுவிட்டாள். தாளை வாங்கிச் சும்மா கண்ணை ஓட்டினாள். நாற்பது நிமிஷம். நாலாம் பிளாட்பாரம். எல்லாம் பிழையோடு, எல்லாம் சரியாக. ஐந்தாவது கேள்வி, ஃப்ராவ் வெபர் கடைசியில் ஏன் சிரித்தாள். அதற்கு எந்த ஒரு வாக்கியத்திலும் விடை இல்லை, முழுசையும் கேட்டு யோசித்தால்தான் உண்டு, வருஷா வருஷம் ரெண்டு மார்க்குக்கு இப்படி ஒரு கேள்வி வரும், வருஷா வருஷம் எல்லோரும் விட்டுவிடுவார்கள். மற்ற பத்துத் தாளிலும் அந்த இடம் காலி. பாண்டீஸ்வரி எழுதியிருந்தாள்: அக்கா முன்னாடி ரயிலிலேயே வந்தாச்சு. கடையில் காபி குடிக்கிறாள். இவள் சும்மா நிற்கிறாள். மூன்று சின்ன வாக்கியம், ஜெர்மனில், மூன்றும் தப்பு, மூன்றும் அவளுடையவை.

"இத எப்ப எழுதின?" "மொதத் தடவ படிச்சீங்கல்ல மேடம், அப்பவே." பின்னால் கொறித்த எலி. மரகதம் தாளைக் கீழே வைத்தாள். "ரெண்டாந் தடவ நான் நிமிந்து பாத்துப் படிச்சேனே, அது உனக்கு..." பாண்டீஸ்வரி விழித்தாள். "நிமிந்து பாத்தீங்களா மேடம்?" "எப்பவும் பாப்பேன்ல. விடை வர்ற எடத்துல." "எனக்குத் தெரியாதே மேடம்." அவள் தலையைக் குனிந்துகொண்டாள், ஏதோ தப்பு செய்து மாட்டிக்கொண்டதுபோல. "எனக்குத் தூரத்துல இருக்கிறது எதுவும் தெரியாது மேடம். கடேசி பெஞ்சுலருந்து ஒங்க சேலக் கலரு மட்டுந்தான் தெரியும். கண்ணாடி எழுதிக் குடுத்தாங்க. பொண்ணு பாக்க வர்றவங்க வேணாம்னுருவாங்கன்னு அம்மா போட விட மாட்டேங்குது." பிறகு, மேடம் திட்டப் போகிறாள் என்று நினைத்தோ என்னவோ, அவசரமாகச் சேர்த்துக்கொண்டாள். "அதான் மேடம், காத நல்லாத் தீட்டி வெச்சுக்குவேன்." போகலாமா மேடம் என்று கேட்டுவிட்டுப் போனாள். படியில் இறங்கும்போது சுவரைத் தொட்டுக்கொண்டே இறங்கினாள். இரண்டு வருஷமாக அந்தப் பிள்ளை அப்படித்தான் இறங்கியிருக்க வேண்டும், நிமிர்ந்து நிமிர்ந்து பார்த்தவளுக்கு இது ஒரு நாளும் கண்ணில் படவில்லை.

அய்யனன் கட்டு போடுகிற நூலும் அறிக்கைப் பாரமும் கொண்டுவந்தார். பாரத்தில் ஆறாவது கட்டம்: கேட்டல் பகுதி ஒலிப்பதிவு மூலம் நடத்தப்பட்டதா, இல்லையெனில் காரணம். பதினோரு வருஷமாக அதில் எழுதுகிற இரண்டு வார்த்தை பேனா நுனிவரை வந்து நின்றது, கருவி பழுது. எழுதவில்லை. வேறு எதையும் எழுதவும் தைரியம் வரவில்லை. பத்துத் தாளும் ஒரே மாதிரி, புள்ளி பிசகாமல், மேஜைமேல் கிடந்தன. இந்தப் பத்துப் பேரும் பாஸ். இனிமேல் அதை மாற்ற முடியாது, அந்தப் பாவம் இன்றையக் கணக்கில் சேர்ந்தது சேர்ந்ததுதான். போனில் ரெஜினாவின் செய்தி காத்திருந்தது, மேடம் ரெக்கார்ட் பண்ணிட்டீங்களா. என் குரல் வேண்டாம் ரெஜி. அதை எப்படிச் சொல்வது, சொன்னால் ஏன் என்று கேட்பாள், கேட்டால் எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். சொல்ல வேண்டும். "அய்யனன்," என்றாள். "மெஷின எடுத்துட்டு வாங்க." அவர் ஆச்சரியப்படவில்லை, ஏன் என்று கேட்கவில்லை, சிவப்புத் துணியோடேயே தூக்கிக்கொண்டு வந்தார். வருஷத்துக்கு ஒரு தடவை அவர் அதைத் தூசி தட்டிப் போட்டுப் பார்த்து வைத்துக்கொண்டிருந்திருக்கிறார் என்பது பித்தான்கள் பளிச்சென்று இருந்ததிலேயே தெரிந்தது. "எங்க வெக்க மேடம்?" "என் மேசமேலேயே வைங்க. வெச்சுட்டு, ஒண்ணாம் பாடத்தப் போடுங்க." மரகதம் எழுந்து நடந்து கடைசி பெஞ்சுக்குப் போனாள். பாண்டீஸ்வரி உட்கார்ந்த இடம் இன்னும் சூடாக இருந்தது. மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மடித்து வைத்தாள். மேஜை கலங்கியது, அய்யனன் ஒரு காக்கி நிறமானார். ரோட்டில் இரண்டு பேர் பேச ஆரம்பித்தார்கள், பின்னால் பஸ் போனது. முதல் வாக்கியம் புரிந்தது. இரண்டாவது ஓடிப்போய்விட்டது. "அய்யனன்," என்றாள், "இன்னொரு தடவ போடுங்க." "சரிங்க மேடம்," என்றார் அவர்.